நடையில் படுக்கிறவள்

"விடுடி" என்றாள் மூத்தவள்.

இளையவள் விடவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளையும் எதிரே நிற்பவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து நடுமடிப்பைப் பிடிக்க வேண்டியவள், கொடுத்த முனைகளைத் தானும் இறுகப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். கண் திறந்துதான் இருந்தது. பார்வை எங்கேயோ கிடந்தது. பின்னால் சூடான உருளை தன் பாட்டுக்கு அடுத்த விரிப்பைத் தள்ளியது. பிடிக்க ஆளில்லாமல் அது தரையில் விழுந்தது. அதன்மேல் இன்னொன்று விழுந்தது. மூத்தவள் இழுத்துப் பார்த்தாள், காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்குப் புண்ணியமாப் போகும், விட்டுத் தொலை" என்றாள். அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

அந்தச் சலவைக்கூடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது. நோயாளிகள் படுத்தெழுந்த விரிப்பெல்லாம் அங்கே வெளுத்து, உருளையில் காய்ந்து, மடிந்து, திரும்ப வார்டுக்குப் போகும். உருளையிலிருந்து வருவதைப் பிடித்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் நிர்வாகம் ஆளெடுப்பதே ஜோடியாகத்தான். ஜோடியில் ஒருத்தி வராவிட்டால் மற்றவளும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருத்தி சரியில்லை என்றால் இரண்டு பேருமே சரியில்லை. கல்யாணத்தில்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது என்று மூத்தவள் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அவளும் இளையவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் இவள், தம்பியைக் கட்டியவள் அவள். அண்ணனும் தம்பியும் எங்கோ தொலைவில் கட்டட வேலையில் இருந்தார்கள். வாரக் கடைசியில் போனில் வந்து, "பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எதைப் பார்ப்பது, எங்கே இருப்பது என்பதெல்லாம் இவர்கள் பாடு. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். இவர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரே விரிப்பின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வருஷங்கள் ஓடிவிட்டன. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், எப்போது இழுப்பது, எப்போது நடப்பது, எப்போது குனிவது என்று இருவர் கைக்கும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மடித்துவிடுவார்கள். கூடத்திலேயே நல்ல ஜோடி என்று பெயர் இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்பார்வையாளருக்குத் தொண்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். நல்ல சேதிக்குச் சின்னக் கனைப்பு, கெட்ட சேதிக்குப் பெரிய கனைப்பு. அன்றைக்குக் கனைத்தது பெரிய கனைப்பு. தானே மடிக்கிற இயந்திரம் ஒன்று வரப்போகிறது, அது வந்தால் சில ஜோடிகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, யாரைக் குறைப்பது என்று தானே மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறேன், நீங்களாக வந்து கையை உயர்த்துகிறீர்களே என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, மனசு சரியில்லாத ஊழியர்களுக்கென்று ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஆலோசகர் இருக்கிறார், அவரிடம் கூட்டிப்போ, அவர் வாயால் இவள் வேலைக்கு லாயக்கு என்று சொல்லட்டும், இயந்திரம் வரும்வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் பொறுக்க அவருக்கும் மேலே ஒரு தொண்டை இருந்தது.

மூத்தவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாதக்கணக்காக அவள்தான் இளையவளைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுப்புவது, பல் தேய்க்கப் போனவள் அங்கேயே நின்று அழுதால் வாயைக் கொப்பளிக்க வைப்பது, தலைவாரிப் பின்னிவிடுவது, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பவளை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பது, பஸ்ஸில் ஏற்றுவது, இறக்குவது. கூடத்தில் அவள் கை தடுமாறும்போதெல்லாம் தானே இரண்டு எட்டு கூடுதலாக நடந்து, அவளுடைய பாதி வேலையையும் சேர்த்துச் செய்து, தொண்டையின் கண்ணில் படாமல் மறைத்து வந்தாள். இடுப்பு விட்டுப்போனது. "மனசைத் திடமா வெச்சுக்கடி. எனக்கு மட்டும் என்ன, கவலை இல்லையா? நான் இப்படியா மூலையில உக்காந்து அழறேன்?" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள். இளையவள் தலையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு அழுவாள்.

ஆலோசகரின் அறை ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் முழுக்கப் பழைய விளக்குமாறுகளும் வாளிகளும் அடுக்கியிருந்தன. ஆலோசகர் சின்ன வயதுப் பெண். குரல் தேனாக இருந்தது, கண்ணுக்குக் கீழேதான் கருவளையம். இளையவளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் மூத்தவளே பதில் சொன்னாள். சாப்பாடு இறங்குவதில்லை, யாரோடும் பேச்சில்லை, அழுகைக்கு நேரம் காலம் இல்லை என்று ஒப்பித்தாள். தூக்கம் எப்படி என்று ஆலோசகர் கேட்டார்.

"அதுக்கு ஒரு குறையும் இல்ல. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. காலையில நான்தான் உலுக்கி எழுப்பணும்" என்றாள் மூத்தவள்.

இளையவள் அதற்கும் தலையை ஆட்டினாள்.

ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் தனக்கென்று ஒதுக்க வேண்டும். வீட்டில் ஒரு அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய்க் கண்ணை மூடி உட்கார வேண்டும். இரண்டு வாரம் செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

வீட்டில் அமைதியான இடம்! மூத்தவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வாடகை ஏறியபோது, இருந்த இரண்டு அறையில் ஒன்றை உள்வாடகைக்கு விட்டாயிற்று. போனில் பதில் சொல்லும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அதில் இருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு முன்னறை. அடுப்பு அதில்தான், பீரோ அதில்தான், பத்தாவது படிக்கிற மூத்தவளின் மகளுடைய மேசை அதில்தான். இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆளுக்கு அடுப்புக்கடியில்தான் இடம். முன்னறைக்குப் பின்னால் ஒடுக்கமாக ஒரு நடை. நடையின் ஒரு பக்கம் அந்தப் பெண்களின் அறை, எதிர்ப்பக்கம் குளியலறை, கோடியில் கொல்லைக் கதவு. அவ்வளவுதான் வீடு.

இருந்தாலும் மூத்தவள் சொன்னதைச் செய்கிற ஜாதி. முதல் நாள் இளையவளை முன்னறையில் கண்ணை மூடி உட்கார வைத்தாள். மகள் வாய்விட்டுப் பாடம் படித்தாள். மனதுக்குள் படி என்றால், மனதுக்குள் படித்தால் மண்டையில் ஏறாது என்றாள். மறுநாள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தாள். மூச்சை இழுத்து விடுவதற்குள் குடியிருக்கும் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அவசரம் யாரையும் கேட்டு வருவதில்லை. அதற்கடுத்த நாள் கொல்லைப் படியில் உட்கார வைத்தபோது பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஏன் இந்தப் பெண் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, புருஷன் வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனாள். புருஷன் வீட்டு ஆள் என்று இருந்ததே மூத்தவள் ஒருத்திதான். அதோடு மூத்தவள் அந்த வைத்தியத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். அமைதியான இடம் இருக்கிறவளுக்கு எதற்கடி ஆலோசகர் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

தொண்டை தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இயந்திரம் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாக ஒரு நாள் சொன்னார், லாரியில் ஏற்றிவிட்டதாக இன்னொரு நாள் சொன்னார். மூத்தவளுக்கு அந்த லாரி தன் நெஞ்சின்மேலேயே ஏறி வருகிற மாதிரி இருந்தது.

அப்படி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இளையவளைக் காணவில்லை. மூத்தவள் உருளைக்குப் பின்னால் தேடினாள், குழாயடியில் தேடினாள், கெட்ட நினைப்பெல்லாம் வந்தது. கடைசியில் சலவைத் துணி அடுக்குகிற அறையில் கண்டுபிடித்தாள். இன்னும் சூடு ஆறாத விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில், கைகாலை நாலாபக்கமும் விரித்துப்போட்டு, வாயைப் பிளந்துகொண்டு இளையவள் தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை வேறு. மூத்தவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு உதை விட்டிருப்பாள். ஆனால் அவள் தூங்கும் தோரணையைப் பார்த்ததும் கால் எழவில்லை. வீட்டில் எப்போது பார்த்தாலும் அவள் சுருண்டு, முழங்காலை மோவாயில் முட்டக் கொடுத்துத்தான் கிடப்பாள். இப்படிப் பரப்பிக்கொண்டு படுத்து மூத்தவள் பார்த்ததே இல்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, யாரும் உள்ளே போகாமல் அங்கேயே காவல் நின்றாள்.

மணியடித்ததும் இளையவள் தானாக எழுந்து வந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். அன்றைக்குப் பிற்பகல் முழுக்க ஒரு விரிப்புகூடத் தரையில் விழவில்லை. பழைய கை திரும்பி வந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை, தொண்டை கனைத்துவிட்டு எதையும் சொல்லாமல் போனதைப் பார்த்து அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். மூத்தவள் விரிப்பைப் பிடித்தபடியே அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். "ராத்திரி நீ தூங்குறதில்லையா?"

இளையவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, கடையில் இன்னது இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "நடையில எப்படிக்கா தூங்குறது? அந்தப் பொண்ணுங்க கதவு வெளிப்பக்கமாத்தானே திறக்குது? ஒருத்தி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது கால மடக்கணும். இன்னொருத்தி கிளம்பும்போது எந்திரிச்சு உக்காரணும். நடுவுல பாத்ரூம் கதவு தலைகிட்ட. பாவம், அவங்க சத்தம் போடாமத்தான் வருவாங்க. நான்தான் கதவு எப்பத் திறக்குமோன்னு காத்துக்கிட்டே கெடப்பேன்."

மூத்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உள்வாடகைக்கு விட்ட அன்றைக்கு யார் எங்கே படுப்பது என்று பேச்சு வந்ததும், எனக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும் என்று இளையவள் பாயை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். மகளுக்குப் படிப்பு கெடக் கூடாது என்று முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூத்தவள் நிம்மதியாகப் படுத்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இளையவள் நடையில் படுக்கிறாள் என்பது, பீரோ மூலையில் நிற்கிறது என்பது மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது மூத்தவளுக்குத் தெரியாதா? தினமும் பார்க்கிற கதவுதானே? தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

"இதை வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பஸ்ஸிலேயே கத்தினாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க? அவங்களக் காலி பண்ணச் சொல்லுவீங்களா?" என்று இளையவள் கேட்டாள்.

 அந்தப் பெண்கள் கொடுப்பதை எடுத்துவிட்டால் வாடகைக்கு எங்கே போவது? கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்று ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு இரும்புக் கட்டில் கிடக்கிறது, கதவு அரை அடிகூடத் திறக்காது, கட்டிலை வெளியே போடுங்கள் என்றார். எங்கே போடுவது, நடையிலா? மூன்று பேரும் முன்னறையில் படுத்துப் பார்த்தார்கள். மகள் இடம் இல்லாமல் மேசைமேல் தலை கவிழ்ந்து தூங்கி, மறுநாள் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தாள். போதுமடா சாமி என்று மூத்தவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இளையவளின் பாயை முன்னறையில் விரித்தாள். தன் பாயை நடையில் விரித்தாள்.

"அக்கா, உங்களால முடியாது" என்றாள் இளையவள்.

"நான் இடி விழுந்தாலும் தூங்குறவ. நீ கவலப்படாமப் படு" என்றாள் மூத்தவள். மனசில் திடம் இருந்தால் எங்கே படுத்தால் என்ன என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

இளையவள் தேறியது கண்கூடாகத் தெரிந்தது. முதலில் சாப்பாடு இறங்கியது. அப்புறம் தானே தலைவாரிக்கொண்டாள். அப்புறம் பேச்சு வந்தது. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், புருஷனுக்குப் போனில் டோஸ் விட்டாள், தொண்டை மாதிரி கனைத்துக் காட்டி வீட்டையே சிரிக்க வைத்தாள். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஒரு பாயை இடம் மாற்றிப்போட்டதற்கு இவ்வளவா என்று மூத்தவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தை அனுபவிக்கத்தான் அவளால் முடியவில்லை.

ஏனென்றால் நடை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. தலையை இந்தப் பக்கம் வைத்தால் அறைக்கதவு காலில் இடித்தது, அந்தப் பக்கம் வைத்தால் குளியலறைக் கதவு மண்டையில் இடித்தது. அந்தப் பெண்கள் பூனை மாதிரித்தான் வந்தார்கள். சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி என்று குசுகுசுத்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். அந்தக் குசுகுசுப்புக்குப் பதில் ஒரு மேளம் அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கதவு திறக்காத நேரத்திலும் காது கதவிலேயே இருந்தது. இளையவள் சொன்னபோது பெரிதாகப் படாத அந்த ஒரு சொல், காத்துக்கிட்டே கெடப்பேன் என்றது, இப்போது எலும்புவரை உறைத்தது.

முதலில் கோபம் கூடியது. மகள் ஒரு சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தாள். பால் பொங்கியதற்கு ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் கோபம்கூட வரவில்லை, எதைப் பார்த்தாலும் எதற்கு இதெல்லாம் என்று தோன்றியது. பஸ் வந்தால் ஏறத் தோன்றவில்லை, சோற்றைப் பிசைந்தால் வாய்க்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. கண்ணாடியில் பார்த்தால் தன் முகத்தில் இளையவள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் தன் மனத்திடம் என்று தான் பீற்றிக்கொண்டதெல்லாம் வெறும் தூக்கம்தானா என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூலையில் உட்கார்ந்து அழுகிறவளைப் பார்த்துத் தினமும் சொன்ன பேச்சு ஒன்றொன்றும் திரும்பி வந்தது. நல்லவேளை, இளையவள் அதில் ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. காலையில் வந்து எழுப்பினாள், தலைவாரிப் பின்னிவிட்டாள், பஸ்ஸில் ஏற்றினாள்.

கூடத்தில் ஒரு நாள் மூத்தவள் முனைகளைக் கொண்டுபோய் இளையவள் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் விடவில்லை. விட வேண்டும் என்று தெரிந்தது, கைக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை.  இளையவள் தொண்டையின் கண்ணில் படாதபடி உடம்பால் மறைத்து நின்றுகொண்டு, மூத்தவளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தானே குனிந்து, தானே மடித்து, அடுத்ததைப் பிடிக்க ஓடினாள்.

ஆலோசகரிடம் மறுபடி போனபோது அவர் இளையவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். நல்ல முன்னேற்றம், வேலைக்கு எந்தத் தடையும் இல்லை என்று மேற்பார்வையாளரிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். மூச்சுப் பயிற்சியை விடாமல் செய்தீர்களா என்று கேட்டார். அப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்தவளின் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னாச்சு?"

மூத்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. அவளுக்கும் ஒண்ணும் ஆகல. வியாதி ஆளுக்கு இல்ல, எங்க வீட்டு நடைக்கு. அங்க யாரு படுத்தாலும் அவங்களுக்கு வரும். நாளைக்கு நீங்க வந்து படுத்தா உங்களுக்கும் வரும்" என்றாள். அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கதவு, கட்டில், உள்வாடகை, அந்தப் பெண்கள், இயந்திரம் வருகிற லாரி எல்லாவற்றையும் கொட்டினாள்.

 ஆலோசகர் கேட்டு முடித்துவிட்டு, வாளிகள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லக்கா. இங்க வந்து உக்கார்றவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்ட மாத்தினாப் போதும், இல்ல ஷிப்ட மாத்தினாப் போதும். என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு நாற்காலிதான். நான் என்ன பண்ணட்டும்?" என்றார். தேன் குரலில் தேன் இல்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு மூத்தவளால் அவரைத் திட்டவும் முடியவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தார் என்று பார்த்தால் அவரும் இப்படிக் கையை விரித்துவிட்டார்.

வழி சொன்னது இளையவள்தான். திரும்பி வரும்போது, ஒன்றும் பெரிய விஷயமே இல்லை என்கிற மாதிரி சொன்னாள். "ஒரு வாரம் நீங்க நடையில படுங்க, ஒரு வாரம் நான் படுக்கிறேன். ஒரே ஆள் படுத்தாத்தானே முத்திப்போகுது? முத்துறதுக்குள்ள மாத்திக்கலாம். தூங்குனவ தூங்காதவளப் பாத்துக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். செய்ததும் பலித்தது, அதுதான் கொடுமை. யாருக்கும் முழுக்கக் குணமாகவில்லை, யாருக்கும் முழுக்க முற்றவும் இல்லை. இந்த வாரம் இவள் அழுதால் அவள் தலைவாரிவிட்டாள், அடுத்த வாரம் அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் இவள் அதட்டினாள். கூடத்தில் தெளிவாக இருப்பவள் இரண்டு எட்டு கூடுதலாக நடந்தாள். இயந்திரம் வந்து இறங்கிய அன்று தொண்டை சின்னதாகக் கனைத்துவிட்டு, உங்கள் ஜோடியைக் குறைக்கவில்லை, முன்னே மாதிரியே இருங்கள் என்றார். வேறு இரண்டு ஜோடிகள் அன்றைக்கே போனார்கள். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் இளையவள் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தோம் என்றாள். பிழைத்தோம் என்று மூத்தவளும் சொன்னாள்.

அந்த வாரம் மூத்தவளின் முறை. சாப்பாடு முடிந்ததும் பாயை நடையில் விரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மகள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "அம்மா" என்றாள்.

"என்னடி?"

"பரீட்சை முடிஞ்சதும் என்னையும் முறையில சேத்துக்கோங்க. மூணு பேர்னா, ஒரு வாரம் நடையில படுத்தா ரெண்டு வாரம் நல்லாத் தூங்கலாம். இப்ப இருக்கிறத விட அது எவ்வளவோ மேல்தானே?"

இளையவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். மூத்தவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. மகளை ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் அது என்ன தப்பாகச் சொல்லிவிட்டது? வாடகைக்காரிகள்மேல் தப்பா, தொண்டைமேல் தப்பா, படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மேல் தப்பா? எல்லாரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். ஏறிய கோபத்தை இறக்கிவைக்க ஒரு முதுகு கிடைக்கவில்லை. மகள் போட்ட கணக்கு வேறு சரியாக இருந்தது. நல்ல பெண், எப்போதும் கணக்கில் கெட்டிக்காரி.

"வாயை மூடிக்கிட்டுப் படி" என்றாள்.

முன்னறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து நடையில் படுத்தாள். மகள் வாய்விட்டுப் படிப்பது கதவு வழியாக லேசாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்களின் அறைக்குள்ளே செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. மூத்தவள் கதவு திறப்பதற்கு முன்பே காலை மடக்கிக்கொண்டாள்.